பத்து மாவுங்கில் பார்த்த பழைய ஃபைபர் படகு

அன்று பினாங்கின் முதல் பாலத்தில் ஒரே நெரிசல். இரண்டாம் பாலம் வழியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று பத்து மாவுங் பக்கம் திரும்பினேன். கடற்கரையை ஒட்டிய ஒரு சின்னச் சாலையில், வாதுமை மரத்தடியில் அந்தப் படகு நின்றிருந்தது. 18 அடி ஃபைபர் படகு. பின்னால் 60 குதிரைத்திறன் இஞ்சின் சங்குட், அதாவது பின்பக்கம் தொங்கவிடும் வெளி இஞ்சின், கீழே துருவேறிய டிரேலர். அட்டையில் 'ஊந்தோக் டிஜுவால்', விற்பனைக்கு என்று மலாயில் எழுதி ஒரு தொலைபேசி எண்ணும் போட்டிருந்தார்கள். காரை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்பா பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கயிறு பிடிக்கும் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். நாள் முழுக்க அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவேன். 1985-இல் பாலம் திறந்த பிறகும் எங்கள் வீட்டில் தீவுக்குப் போவதென்றால் ஃபெர்ரிதான். 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அந்தப் பழைய ஃபெர்ரிகள் ஓய்வுபெற்றன. அதற்கு முந்தைய வாரம் அப்பாவைக் கைபிடித்து ஏற்றி ஒருமுறை போய்வந்தோம். அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் சின்னதாக ஒரு படகு வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை புலாவ் அமான் பக்கம் போய்த் தூண்டில் போட வேண்டும், மகளுக்குக் கடல் பழக வேண்டும், அவ்வளவுதான்.

புதுப் படகுக்குக் கையில் காசு இல்லை. பழையதை வாங்கி நானே சரிசெய்தால் ஆகாதா என்று தோன்றியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 22 வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒரு பொருளைப் பிரித்து மாட்ட எனக்குப் பயம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் மறுநாளே அட்டையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

விற்பவர் எழுபது வயதைத் தாண்டிய சீனர். நான் அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். பாதி மலாயில், பாதி ஹொக்கியெனில் பேசிக்கொண்டோம். முட்டிவலி வந்த பிறகு கடலுக்குப் போவதில்லையாம். நான்கு வருடமாகப் படகு அங்கேயேதான் நிற்கிறதாம். 9,500 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். வெள்ளையும் நீலமுமாகப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. அன்று பார்த்தபோது எனக்கு எல்லாமே நன்றாக இருந்தன. முன்பணம் கொடுக்கக் கை பையை நோக்கிப் போய்விட்டது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லித் திரும்பியதுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

அன்று இரவு மனைவி கேட்டாள்: "ஏங்க, அதை எங்க நிறுத்தப் போறீங்க?" பிறை என்ற ஊரில் எங்களுடையது வரிசை வீடு. வாசலில் ஒரு கார் நின்றால் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். என்னிடம் பதில் இல்லை. "சரி, பழைய படகு பார்த்துப் பழக்கப்பட்ட ஆள் யாரையாவது கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. அப்புறம் பேசுவோம்" என்றாள்.

பாகான் டாலாமில் ஓர் அண்ணன் இருக்கிறார். சிறு வயதிலேயே படகுப் பட்டறையில் சேர்ந்து, ஃபைபர் அச்சு வார்ப்பதிலும் பழுது பார்ப்பதிலும் முப்பது வருடத்துக்கு மேல் கழித்தவர். மாமாவின் கூட்டாளி. அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். விலையையோ இஞ்சினையோ அவர் கேட்கவில்லை. "பின்பலகையில துளை ஏதும் போட்டிருக்கானா, தம்பி?" என்று கேட்டார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஃபைபர் படகென்றால் முழுக்க ஃபைபர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் வரைந்து காட்டினார். அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் போடுவார்கள். நாம் வெளியில் பார்க்கும் பளபளப்பான தோல் அதுதான். அதற்குமேல் கண்ணாடியிழை மேட், நெய்த துணி, மறுபடி மேட், மறுபடி துணி என்று ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசின், ஊற்றி ஊற்றி அடுக்குவார்கள். இந்த ஓடு தனியாக நின்றால் வளையும். வளையாமல் இருக்க, அடியில் நெடுக்காக விட்டங்கள் ஓடும். ஸ்டிரிங்கர் என்பது அதைத்தான். பழைய படகுகளில் பெரும்பாலும் அது மரம், மேலே ஃபைபர் போர்த்தியிருக்கும். தரையும் பிளைவுட். இஞ்சின் தொங்கும் பின்பலகை, அதாவது டிரான்சம், இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்த தடிமனான பிளைவுட். 60 குதிரைத்திறன் இஞ்சின் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். அந்தப் பாரமும், அது படகைத் தள்ளுகிற விசையும் முழுக்க அந்தப் பலகை மேல்தான் விழுகின்றன.

"கண்ணாடியிழை கெட்டுப் போறது ரொம்ப அபூர்வம் தம்பி. உள்ள ஒளிஞ்சிருக்கிற மரம்தான் கெடும். யாராவது சாமான் மாட்ட ஒரு திருகு போட்டு, ஓட்டையைச் சரியா அடைக்காம விட்டா போதும். தண்ணி உள்ள போயிரும். ரெண்டு பக்கமும் ஃபைபர். அது எப்படிக் காயும்?"

அடுத்த ஞாயிறு காலை ஏழரைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு பத்து மாவுங் போனேன். வழியில் ரொட்டி சானாய் பசியாறினோம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் படகைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் நேரம் குறித்தார். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும், சாய்ந்த வெளிச்சத்தில் ஒட்டுப்போட்ட இடம் மேடாகவோ பள்ளமாகவோ நிழல் காட்டிவிடும் என்றார். அது உண்மை. புதுப் பெயின்டுக்குக் கீழே, வலப்பக்கம் ஒரு தட்டு அகலத்துக்கு ஒரு பழைய ஒட்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஒட்டு இருப்பதில் தப்பில்லை, உள்பக்கம் எப்படி ஒட்டியிருக்கிறான் என்று பார்த்தால் போதும் என்று சொல்லி அண்ணன் அதைக் கடந்து போய்விட்டார்.

சிலந்தி வலை மாதிரி நுண்ணிய விரிசல்கள் அங்கங்கே இருந்தன. நான் பயந்தது அவற்றைப் பார்த்துத்தான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதாவது இடித்த இடத்திலிருந்து நட்சத்திரம் போலப் பரவும் கீறல் பெரும்பாலும் ஜெல்கோட்டோடு நின்றுவிடுமாம். ஆனால் ஒரே திசையில் பக்கம் பக்கமாகக் கோடு கோடாக ஓடினால், குறிப்பாக விட்டத்தின் மேலேயோ தரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையிலோ ஓடினால், அந்த இடம் வளைந்து வளைந்து நிமிர்கிறது என்று அர்த்தம். இந்தப் படகில் பின்பலகை அடிப்பாகத்தோடு சேரும் மூலையில் அப்படி மூன்று கோடுகள் இருந்தன. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஐம்பது சென் நாணயம் ஒன்றை எடுத்தார். முதலில் படகின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில், மரம் இல்லாத இடத்தில் தட்டினார். டண், டண் என்று துல்லியமான சத்தம். "இதைக் காதுல வாங்கிக்க" என்றார். பிறகு பின்பலகைக்கு வந்து மேலிருந்து கீழாக ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போனார். மேல் பாதியில் டண். இஞ்சினைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறியது. ஈரச் சாக்கைத் தட்டுவது போல, தொப், தொப். பென்சிலால் எல்லை போட்டார். இரண்டு கைகளையும் விரித்து வைத்தால் மூடும் அளவுக்கு ஒரு பெரிய வட்டம் வந்தது.

என்னை இஞ்சினின் காலைப் பிடித்து, அதைப் பாதி தூக்கிய நிலையில் வைத்துக் கீழே அமுக்கச் சொன்னார். அவர் பின்பலகையின் மேல் விளிம்பில் கண் வைத்துக் குனிந்திருந்தார். நான் அமுக்கும்போதெல்லாம் பலகை ஒரு விரல் நகத்தின் தடிமன் அளவுக்கு அசைந்ததாம். மரம் உறுதியாக இருந்தால் அது அசையவே கூடாது, இஞ்சினோடு சேர்ந்து டிரேலர்தான் ஆட வேண்டும்.

அடுத்தது துளை போடும் சோதனை. அதற்கு முன்பு அண்ணன் அங்கிளிடம் போய் நேராக அனுமதி கேட்டார். உள்பக்கத்திலிருந்து மட்டும் துளைப்போம், வெளித்தோலைத் தொடமாட்டோம், முடிந்ததும் எப்பாக்சிப் பசை வைத்து அடைத்துவிடுவோம், நீங்கள் வேறு யாருக்கு விற்றாலும் இதனால் குறை வராது என்று விளக்கினார். அங்கிள் கொஞ்ச நேரம் யோசித்தார். சரி, போடுங்கள் என்றார். இதற்கு மறுக்கிற ஆளிடம் படகு வாங்காதே என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

ஐந்து மில்லிமீட்டர் துரப்பணம். துரப்பணத்தின் கம்பியில் டேப் ஒட்டி, அதற்கு மேல் உள்ளே போகாதபடி அடையாளம் வைத்துக்கொண்டார். முதல் துளை மேலே, ஓரத்தில். வெளிர்மஞ்சள் சுருளாக மரத்தூள் வந்தது. உள்ளங்கையில் வாங்கி ஊதினேன், பறந்துவிட்டது. இரண்டாவது துளை, போல்ட்டுக்குக் கீழே. தோலைத் துளைக்கும் வரை கிர்ரென்ற சத்தம். தோலைத் தாண்டியதும் சத்தமே இல்லை, வெண்ணெய்க்குள் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. கம்பியை வெளியே இழுத்தால், தேத்தண்ணீர் வடிகட்டிய பிறகு பையில் மிஞ்சும் சக்கை மாதிரி கறுப்பாக, ஈரமாக, அதன்மேல் ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தேன். மழைக்காலத்தில் மூடி வைத்த அலமாரியின் வாடை. துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்து, மெதுவாகக் கீழே இறங்கியது. மூன்றாவது துளை தண்ணீர் வெளியேற்றும் அடைப்பானுக்குப் பக்கத்தில், எல்லாவற்றிலும் கீழே. அங்கே மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நான்கு வருடம் மரத்தடியில் நின்ற படகுக்குள் இன்னும் தண்ணீர் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அண்ணன் வீட்டில் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது.

தரையில் ஏறி நடந்தோம். நடுவில் கால் அழுந்தியது. தரைக்குக் கீழே பார்க்கத் தட்டு அளவு மூடி ஒன்று இருந்தது. அதைத் திருகித் திறந்து கையை விட்டேன். படகு மூழ்காமல் மிதக்க அடியில் ஊற்றி வைக்கும் மஞ்சள் ஃபோம் கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு கைப்பிடி பிய்த்து எடுத்துப் பிழிந்தேன். துருவிய தேங்காயைப் பிழிவது போல விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. மிதக்க வைக்க வேண்டிய பொருள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பாரமாகக் கிடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறதென்று தரையை வெட்டினால்தான் தெரியும். ஃபோம் இந்த நிலையில் இருந்தால் அதோடு ஒட்டிக் கிடக்கும் விட்டங்களும் ஈரம்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்றார் அண்ணன்.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இல்லை. எப்போதும் தண்ணீரிலேயே மிதந்து கிடக்கும் படகுகளுக்குத்தான் அந்த நோய் அதிகம். ஜெல்கோட் வழியாக ஈரம் மெதுவாக ஊறிப் போய் உள்ளே கொப்புளம் கட்டும், குத்தினால் புளித்த காடி வாடையோடு நீர் பீறிட்டு வரும். யாராவது அப்படிக் குத்திப் பார்ப்பதானால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இஞ்சின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை நான் தொழிற்சாலைக் கூட்டாளியிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். முதல் சிலிண்டர் 120, இரண்டாவது 118, மூன்றாவது 85. எண் எவ்வளவு என்பதை விட, மூன்றும் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மூன்றாவது தேறவில்லை. கியர் எண்ணெய்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால், பால் கலந்த கோப்பி போல வந்தது. சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடாத இஞ்சினுக்கு, முன்பு நன்றாக ஓடியது என்ற பேச்சை விலையில் சேர்க்க வேண்டியதில்லை.

தாள்களையும் பார்த்தேன். கடல்துறையில், அதாவது ஜபாத்தான் லாவுத்தில் எடுத்த உரிமம் காலாவதியாகி வருடங்கள் ஆகியிருந்தது. பெயர் அங்கிளுடையதுதான், இஞ்சின் எண்ணும் பொருந்தியது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மீன்பிடித் தொழிலுக்கு ஓடிய படகாக இருந்தால் அதன் உரிமம் 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின்கீழ் மீன்வளத் துறையிடம் இருக்கும். பொழுதுபோக்குப் படகின் கதை வேறு, அலுவலகமும் வேறு. பணம் கொடுப்பதற்கு முன்பு உரிமத்தின் நகலோடு அலுவலகத்துக்கு நேரில் போய், பெயர் மாற்றமும் புதுப்பிப்பும் நடக்குமா என்று கேட்டுவிடுங்கள். படகு சுத்தமாகத் தயாரான பிறகு தாளில் சிக்கல் என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடும்.

அன்று மாலை வீட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அங்கிள் 8,000-க்கு இறங்கி வருவார் என்று வைத்துக்கொண்டேன். பின்பலகை, விட்டங்கள், தரை, ஃபோம் எல்லாவற்றுக்கும் மரம், துணி, ரெசின் சேர்த்து 6,000. இஞ்சினுக்கு 3,500. டிரேலர் அச்சுக்கும் உருளைகளுக்கும் 1,200. வயர், எண்ணெய்த் தொட்டி, பம்ப், உயிர்காப்பு அங்கி, உரிமம் 2,000. கொட்டகை வாடகை மாதம் 250, ஒரு வருடத்துக்கு 3,000. கூட்டினால் 23,700 வெள்ளி. அதே மாதிரி 18 அடிப் படகு, ஓடிக்கொண்டிருப்பது, கோலக் கெடாவில் 19,000-க்கு விலை சொல்லியிருந்தார்கள். எண்களைப் பார்த்து நான் பேசாமல் இருந்தேன்.

பணத்தை விட என்னை யோசிக்க வைத்தது நாட்கணக்கு. பழக்கப்பட்ட கைக்கே 200 மணி நேர வேலை இருக்கிறது என்றார் அண்ணன். எனக்குக் கிடைப்பது ஞாயிறு மட்டும், அதிலும் ஆறு மணி நேரம். அப்படியென்றால் 33 ஞாயிறுக்கு மேல். மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு வேலை இருக்கும். தைப்பூசம், தீபாவளி, கல்யாணம், காரியம் என்று சில போய்விடும். செப்டம்பர், அக்டோபர் மழையில் பினாங்கில் எதுவுமே காயாது. ஆக, ஒரு வருடத்துக்கு மேல். அந்த ஒரு வருடமும் படகு கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். ஏனென்றால் ஈர மரத்தை எடுத்த பிறகு ஓடு முழுக்க உலர வேண்டும், ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. நம் ஊர்க் காற்றில் அந்த உலர்ச்சிக்கே வாரக்கணக்கில் ஆகும்.

வீட்டு வாசலில் கூடாரம் போட்டுச் செய்யலாமா என்று நான் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். அண்ணன் கொஞ்சம் கோபப்பட்டார். கிரைண்டர் வைத்து ஃபைபரைத் தேய்த்தால் கிளம்பும் தூசு கண்ணாடித் தூசு. அது பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் பிள்ளைகளின் உடுப்பில் போய் உட்காரும். ரெசின் வாடை நாலு வீடு தாண்டிப் போகும். முகமூடி போட்டுக்கொள்வது நீ ஒருத்தன், அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். மனைவி முதல் நாள் கேட்டதும் இதைத்தான். எங்கே நிறுத்துவது என்பதற்குப் பதில் இல்லாதவன் படகு பார்க்கவே போயிருக்கக் கூடாது என்று அப்போது பட்டது.

அதோடு, ரெசின் வேலை எனக்குக் கைவருமா என்றே எனக்குத் தெரியாது. அண்ணன் ஒரு யோசனை சொன்னார். படகு வாங்குவதற்கு முன்பு ஒரு கிலோ ரெசினும் இரண்டு மீட்டர் மேட்டும் வாங்கி, ஒரு பலகைத் துண்டின் மேல் ஒட்டிப் பழகு, செலவு நூறு வெள்ளிக்குள்தான். இதைப் படகு ஆசை உள்ள எல்லோருக்கும் நான் சொல்வேன். அவர் வீட்டுப் பின்கட்டில் செய்தேன். பாலியஸ்டர் ரெசினில் அதை இறுக வைக்கும் கெட்டலிஸ்ட் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடு கலக்க வேண்டும், ஒரு கிலோவுக்குப் பத்திலிருந்து இருபது கிராம். நான் மத்தியான வெயிலில், கையளவாக ஊற்றிக் கலக்கினேன். மேட்டின் ஒரு மூலையை நனைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பில் இருந்தது பாகு போல இழுபட்டது. தூரிகையை எடுத்தால் கப்பும் கூடவே வந்தது. சில நொடிகளில் கப் கையைச் சுட்டது. கீழே வைத்தேன். அது புகைந்து, வெடித்த களிமண் போலப் பிளந்தது. மறுவாரம் காலை ஏழு மணிக்கு, தராசில் நிறுத்து, ஒரு விழுக்காடு கலந்து, சின்னச் சின்னக் கப்பாகச் செய்தேன். மேட் வெள்ளை நிறம் மாறி, ஈரத் துணி போலக் கண்ணாடியாகி, உருளையை ஓட்டினால் காற்றுக் குமிழிகள் ஓரத்துக்கு ஓடின. அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பின்கட்டில் அண்ணன் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கெட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்காதே, பட்டுவிட்டால் முதலில் தண்ணீர், நிறைய நேரம் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி. இன்னொன்று, கெட்டலிஸ்ட்டும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் என்ற முடுக்கியும் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது, வெடித்துவிடும். ரெசினில் ஒன்றை முழுசாகக் கலந்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். முன்பே முடுக்கி கலந்து விற்கும் ரெசினை வாங்கினால் அந்தப் பயமே இல்லை.

அங்கிளிடம் போய் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை, நேரில் போனேன். குறை சொல்லி விலை குறைக்க வந்தவன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, அண்ணன் பென்சிலால் போட்ட வட்டத்தையும் துளையில் வந்ததையும் காட்டி விளக்கினேன். அவர் அந்த வட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இதிலே என் மகன்கள் மூன்று பேரும் நீச்சல் படித்தார்கள் என்று மலாயில் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்து வாங்க வருகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள் அங்கிள், தெரியாமல் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். பின்பலகை உள்ளே உளுத்திருப்பது தெரியாமல், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் காற்றுமழையில் யாராவது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆரம்பித்துப் பாதியில் விட்ட படகுகளை நம் ஆற்று முகத்துவாரங்களில் பார்த்திருப்பீர்கள். ஃபைபர் மட்காது. இரும்பு போல உருக்கி விற்கவும் முடியாது, எரித்தால் நச்சுப் புகை. சேற்றில் அப்படியே கிடக்கும். என் பெயரில் அப்படி ஒன்று கிடக்கக் கூடாது என்பதும் நான் வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம்.

ஆசை மட்டும் போகவில்லை. இந்த முறை இடத்திலிருந்து ஆரம்பித்தேன். சிம்பாங் அம்பாட்டில் சித்தப்பா மகன் லோரி நிறுத்தும் கொட்டகையில் ஒரு மூலை காலி. சுற்றிலும் செம்பனை, பக்கத்தில் வீடு இல்லை. 15 அடி நீளத்துக்கு மேல் ஆகாது என்றான். அந்த அளவை வைத்துக்கொண்டு தேடினேன். மூன்று மாதம் கழித்துக் கோல சுங்கை பினாங்கில் 14 அடி வெறும் ஓடு கிடைத்தது. இஞ்சின் இல்லை, மூடிய தரையும் இல்லை, ஃபோமும் இல்லை. எல்லா விட்டமும் கண்ணுக்குத் தெரிந்தது, நாணயத்தால் தட்டினால் எல்லாம் டண் என்றது. பின்பலகையில் நான்கு துளை போட்டோம். மேலே இரண்டில் ஈரம், கீழே இரண்டில் உலர்ந்த தூள். இஞ்சின் கவ்வும் மேல் விளிம்பைப் பல வருடம் மூடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1,800 வெள்ளி கொடுத்தேன். உரிமத் தாளோடு முதலில் அலுவலகத்துக்குப் போய்வந்த பிறகுதான் கொடுத்தேன்.

இந்த ஏழு வாரத்தில் உள்தோலை வெட்டி எடுத்து, பழைய பலகை முழுவதையும் சுரண்டிவிட்டோம். நல்லதாக இருந்த கீழ்ப்பாதியையும் சேர்த்தே எடுத்தோம், ஒட்டுப்பலகை வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். மூன்று வாரம் மின்விசிறி வைத்து உலர்த்தினோம். அட்டையில் அச்சு வெட்டி, 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை எப்பாக்சியால் ஒன்றாக ஒட்டி, எல்லா விளிம்புக்கும் எப்பாக்சி குடிக்கக் கொடுத்து, வெளித்தோலோடு கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று. பழைய பாலியஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். எப்பாக்சி மேல் பாலியஸ்டர் அவ்வளவாகப் பிடிக்காது, அதனால் கடைசியில் ஜெல்கோட்டுக்குப் பதிலாகப் பெயின்ட்தான். மேட்டும் வேண்டாம் என்றார். மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்சியில் அது சரியாக நனையாது. நெய்த துணிதான் வாங்கினேன்.

போல்ட் துளைகளை வேண்டிய அளவை விடப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் மரத்தைத் தொடாது. எங்கெங்கே துளை வரும் என்று மகள் போன ஞாயிறு ஸ்கேல் வைத்து அளந்து பென்சிலால் நான்கு வட்டம் போட்டிருக்கிறாள். வருகிற ஞாயிறு மழை இல்லையென்றால் உள்பக்கம் துணி ஒட்ட வேண்டும். அண்ணன் காலை ஆறரைக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறார். எப்பாக்சி வாங்கி வைத்துவிட்டேன்.